பரண்மேல் தங்கிய பழைய மூட்டை

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. நடத்துகிறவரை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. சோறு போடுவது டைப்பிங். வாடகை ஒப்பந்தம், எஸ்டேட் லேத் பட்டறைகளுக்கு கொட்டேஷன், டெலிவரி சலான் எல்லாமே லிப்ரே ஆபீஸில். இலவச மென்பொருள், வேலையும் நன்றாகவே செய்யும்.

ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரம். திங்கட்கிழமை காலை அது திறக்க மறுத்தது. ஐகானைத் தட்டினால் பெயர் போட்ட படம் ஒன்று வரும், ஓரிரு விநாடி நிற்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மறைந்துவிடும்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி வந்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே கதை. புதிய பதிப்பை இறக்கிப் போட்டார். அதே கதை. மூன்றாவது முறையும் தோற்றதும், "ஃபார்மட் அடிச்சிடலாம்க்கா" என்றார். அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் பென்ஷன் காகிதம் நகலெடுக்க வந்தார் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்ட அதே தொழிற்சாலை. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர் என்பதால், கழற்றுவதற்கு முன்னால் கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு.

"இதுல வேற யார் பேர்லயாவது லாகின் இருக்காம்மா?"

இருந்தது. 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக மகள் பெயரில் போட்டது. அதில் நுழைந்து தட்டினால் லிப்ரே ஆபீஸ் சமர்த்தாகத் திறந்தது!

"அப்ப இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. உங்க பேர்ல ஏதோ தங்கியிருக்கு."

தங்கியிருந்தது உண்மைதான். போனில் ஓர் ஆப்பை நீக்கினால் பொதுவாக அதன் தகவலும் சேர்ந்தே போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் கம்ப்யூட்டரையும் பார்க்கிறோம். இங்கே நிரல் ஓரிடத்தில், நம்முடைய விருப்பங்கள் வேறிடத்தில். குடித்தனக்காரர் காலி செய்தாலும் பரண்மேல் மூட்டை கிடப்பதுபோல, ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில் அவை கிடக்கும். வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறார்கள், புதிய பதிப்பு போடும்போதெல்லாம் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க யாருக்குப் பொறுமை? ஆனால் அந்த மூட்டையே கெட்டுப்போனால், எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் புது நிரல் போய் அதையேதான் பிரிக்கும். சனிக்கிழமை மாலை கரண்ட் போனபோது அக்கா ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். யூ.பி.எஸ். பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. அமைப்புகளை எழுதும் கோப்பு அப்போதுதான் பாதியில் அறுந்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸ் சேஃப் மோட் என்று ஒன்று உண்டு. பழைய மூட்டையைத் தொடாமல், தற்காலிக அமைப்போடு திறக்கும். அதில் திறந்தது. எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பட்டனும் அங்கேயே இருந்தது. தம்பியின் கை அதற்குப் போனதும் அக்கா பதறிவிட்டார்.

"என் டெம்ப்ளேட் எல்லாம் போயிடுமா?"

போயிருக்கும். ஒப்பந்த மாதிரிகள் மட்டுமல்ல, கள்ளிக்குப்பம், மேனாம்பேடு, பட்டரவாக்கம் என்று ஆங்கிலத்தில் அடித்தால் சிவப்புக் கோடு விழும் ஊர்ப் பெயர்களையெல்லாம் அகராதியில் ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார், ஒன்பது வருடமாக. ஃபார்மட் அடித்திருந்தாலும் இதே கதிதான்.

அதனால் எதையும் அழிக்கவில்லை. லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு, ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4 என்ற ஃபோல்டர். (நிரலின் பதிப்பு எங்கேயோ போய்விட்டது, ஃபோல்டர் மட்டும் இன்னும் 4-லேயே நிற்கிறது!) அதற்குள் இருந்த 'யூசர்' ஃபோல்டரின் பெயரை மட்டும் 'பழையது' என்று மாற்றினார்கள். மறுபடி தட்டியதும் நிரல் தனக்கென்று புதிதாக ஒரு யூசர் ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டு திறந்தது.

பிறகு பழையதிலிருந்து டெம்ப்ளேட்டை எடுத்து வைத்தார்கள், திறந்து பார்த்தார்கள். அகராதி இருக்கும் வேர்ட்புக்கை எடுத்து வைத்தார்கள், திறந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றாகத்தான், அவசரமில்லாமல். அமைப்புக் கோப்பை மட்டும் பழையதிலேயே விட்டுவிட்டார்கள். அக்கா கள்ளிக்குப்பம் என்று அடித்துப் பார்த்தார். சிவப்புக் கோடு விழவில்லை.

சாருக்கு நகலெடுத்த காசை வாங்க மறுத்தார். அவரோ எட்டு ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவுக்குள் நான்கு ஒப்பந்தம் முடிந்தது. டெம்ப்ளேட்டும் அகராதியும் இப்போது ஒரு பென் டிரைவிலும் இருக்கின்றன. யூ.பி.எஸ். பேட்டரிதான் இன்னும் மாற்றவில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டி முடியட்டும் என்றிருக்கிறார்.