குழந்தைகளுடன் அந்தமான் கடலில்

அந்தமான் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும். "சின்னக் குழந்தைகளை இழுத்துக்கிட்டு அங்கே எதுக்கும்மா?" என்றுதான் என் மாமியாரும் கேட்டார். நாங்கள் போனது பவழப் பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்க்க. இதற்கு ஸ்நார்க்லிங் என்று பெயர். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கவ்வி மூச்சு விட்டபடி குப்புற மிதந்து, கடலடியைப் பார்ப்பது. நீச்சல் தெரியாதவர்களை மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி அழைத்துப் போகிறார்.

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. நாத்தனாரின் பிள்ளைகளுக்கு ஆறும் மூன்றும். மே மாதக் கடைசியில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும் என்பதால், முழுப் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கிளம்பினோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இறங்கும் ஊர் போர்ட் பிளேர். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து கப்பலில் ஹாவ்லாக். அதற்கும் 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

ஏற்பாடுகளை ஒரு மாதம் முன்பே வீட்டில் ஆரம்பித்துவிடுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் கண்ணாடி பெரும்பாலும் பெரியவர்கள் அளவு; குழந்தைக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒரு தடவை மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறினால் போதும், அப்புறம் கடல் பக்கமே திரும்பாது. குழந்தை அளவில் சொந்தமாக வாங்குவதே மேல். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு. முகம் முழுவதையும் மூடும் மாதிரி ஒன்று விற்கிறார்கள். சிறு குழந்தைக்கு அது வேண்டாம். விட்ட மூச்சே உள்ளே தங்கக்கூடும், சட்டென்று கழற்றவும் வராது. எங்கள் வீட்டில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் சோழிகளைப் போட்டு எண்ணச் சொன்னோம். ஆறு வயதுக்காரன் மூன்று நாளில் குழாயால் மூச்சு விடப் பழகிவிட்டான். மூன்று வயதுக் குட்டிக்குக் குழாயே கிடையாது. கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து பார்த்ததே அவளுக்கு நிறைவு.

மிதவைச் சட்டையை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது, வேறு கேளுங்கள். படகு கிளம்புகிற அவசரத்தில் யாரும் இதைப் பார்ப்பதில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தலையைத் தண்ணீருக்குள் விட்டவருக்குக் கரை தெரியாது, பக்கத்தில் சத்தம் போட்டாலும் கேட்காது. குழந்தை மூழ்கும்போது கூச்சல் போடுவதும் அபூர்வம். 'நாலு பெரியவர்கள் இருக்கிறோமே' என்று ஆளுக்கு ஆள் நம்பிக்கொண்டிருந்தால் யாருமே பார்க்க மாட்டோம். ஆகவே இன்ன குழந்தை இன்னாருடைய பொறுப்பு, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம் என்று முதல் நாள் இரவே காகிதத்தில் எழுதிக்கொண்டோம். துண்டையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு பெண்களே கரையில் நிற்பதுதானே நம் வழக்கம்? என் முறையும் அந்தக் காகிதத்தில் இருந்தது. "நீ இறங்கு, நான் பார்த்துக்கறேன்" என்று இவர் குட்டியோடு மணலில் உட்கார்ந்தார். கிளிமீன் பவழத்தைக் கொறிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் தண்ணீருக்குள் காதில் விழுகிறது! அரை மணி போனதே தெரியவில்லை.

இது எலிஃபெண்ட் கடற்கரையில். ஹாவ்லாக் துறையிலிருந்து படகில் அரை மணிக்குள். பவழம் கரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குழந்தைகளுக்குச் சௌகரியம். கண்ட இடத்தில் மட்டும் இறங்காதீர்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹாவ்லாக்கிலேயே ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்த்து, காவலர்கள் சொல்லும் எல்லைக்குள் மட்டும் நில்லுங்கள்.

ஏப்ரலில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது; மாலை ஐந்தரைக்குமேல் இருட்டத் தொடங்கும். குழந்தைகளைச் சீக்கிரம் தூங்க வைத்து முதல் படகையே பிடியுங்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பலாம். குப்புற மிதப்பதால் முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். முழுக்கை நீச்சல் உடை எந்தக் களிம்பையும்விட நல்லது. பருத்தி சல்வார் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், நமக்கும் அது வேண்டாம். ஒரு நாள் கடல் என்றால் மறுநாள் சும்மா இருக்க வேண்டும். ஐந்து நாளில் ஏழு தீவு என்று அலைபவர்களின் குழந்தைகள் படகுத்துறையில் அழுவதைப் பார்த்தோம்.

படகு ஏறுமுன் இரண்டு இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டால் வாந்திதான். நடுவில் உட்கார்ந்து தொலைதூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவில் பிளாஸ்டிக்குக்குத் தடை. எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள்.

பவழம் உயிருள்ள பிராணி. மிதித்தால் சாகும், நம் காலையும் கிழிக்கும். சிராய்த்தால் உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதை ஊருக்கு எடுத்து வருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் சோதிக்கிறார்கள். என் பெண் கைநிறையப் பொறுக்கிய சிப்பிகளையும் கரையிலேயே கொட்டச் சொன்னோம். அழுதாள், படகு கிளம்பியதும் மறந்துவிட்டாள்.