இன்னிக்கு என்ன கிழமை?

மும்பை சயானில் கடற்கரை கிடையாது. மராத்தியில் இந்த இடத்துக்கு 'சீவ்' என்று பெயர். எல்லை என்று அர்த்தம். பம்பாய்த் தீவு இங்கே முடிந்தது; எதிரே போர்ச்சுகீசியரின் சால்செட் தொடங்கியது. 1669க்கும் 1677க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டிய சிறு கோட்டை குன்றின் மேல் இன்னும் சிதைந்து நிற்கிறது. கீழே லோக்கல் ரயில், பெரிய ஆஸ்பத்திரி, தாராவிக்குத் திரும்பும் சாலை.

கடலில் பிழைக்கும் தமிழர் ஒருவரை இங்கேதான் சந்தித்தேன். தாராவியின் தோல் ஷெட்டுகளில் வேலை தேடி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் அவருடைய தாத்தா. பேரன் 2012 முதல் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களில் கேபின் பணியாளர். பெயர் வேண்டாம் என்கிறார். அடுத்த ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது. எட்டு மாதம் கடலில் இருந்துவிட்டு வீடு திரும்பி நான்கு நாள் ஆகிறது. காபி டம்ளரை நீட்டியபடி அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னிக்கு என்ன கிழமை சார்?"

வேடிக்கையில்லை. பல உல்லாசக் கப்பல்களில் லிப்டின் தரைவிரிப்பில் கிழமை எழுதியிருக்கும். தினமும் நள்ளிரவில் விரிப்பை மாற்றுவார்கள். விடுமுறைச் சுகத்தில் பயணிகளுக்கு நாள் மறந்துபோகும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஊழியருக்கோ ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தம் முடியும்வரை வாரத்தில் ஏழு நாளும் வேலை.

காலை ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். இவர் பொறுப்பில் பதினெட்டு அறைகள். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது என்று மதியம் இரண்டு வரை ஓடும். மாலை ஆறு மணிக்கு மீண்டும் அதே அறைகள். துண்டை யானையாகவும் குரங்காகவும் மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வர இரவு பத்தாகிவிடும். நடுவில் கிடைக்கும் இடைவேளையைச் சில நாள் தீயணைப்பு ஒத்திகையோ உயிர்ப்படகு ஒத்திகையோ எடுத்துக்கொள்ளும்.

கப்பலிலும் ஒரு 'சீவ்' உண்டு. ஊழியர் மட்டும் என்று எழுதிய கதவு. இந்தப் பக்கம் கம்பளமும் பியானோவும். அந்தப் பக்கம் இரும்புத் தரை, குழாய்கள், நீண்ட நடைபாதை. இவருடைய அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள், ஆளுக்கு ஒரு திரை. ஜன்னல் இல்லை. "நம்ம தாராவி ரூமே பெரிசு சார்" என்று சிரிக்கிறார்.

துறைமுகம் வந்தால் பயணிகள் ஊர் பார்க்க இறங்குவார்கள். வேலை சீக்கிரம் முடியும். நாள்கணக்கில் கரையே வராத நெடுங்கடல் பயணம்தான் சோதனை. பயணிகள் அறையை விட்டு நகர மாட்டார்கள். கிழக்கே போகும் கப்பலில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாக முன்னே தள்ளுவார்கள். பயணி பகலில் தூங்கி ஈடுகட்டலாம். ஊழியருக்கு ஒரு மணித் தூக்கம் போனது போனதுதான். பசிபிக்கில் மேற்கு நோக்கித் தேதிக்கோட்டைத் தாண்டிய ஒரு முறை, புதன்கிழமையே வரவில்லையாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015ல் ஏற்றுக்கொண்டது. இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, வாரத்தில் 77 மணி. வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் ஏஜெண்ட் கட்டணம் வசூலிப்பதும் கூடாது. கப்பல் வேலைக் கனவோடு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த எல்லைக் கதவு உலகத்தின் கண்ணில் பட்டது 2020 பிப்ரவரியில். ஜப்பானின் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கொரோனாவோடு நின்றது. கப்பலில் 3,711 பேர். அதில் 1,045 பேர் ஊழியர், 132 பேர் இந்திய ஊழியர். பயணிகள் தங்கள் அறைகளுக்குள் தனித்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோன ஊழியர்கள், பகிர்ந்து படுக்கும் அறைகளுக்கே திரும்பினார்கள். மொத்தம் 712 பேருக்குத் தொற்று.

அடுத்த மாதங்களில் துறைமுகங்கள் மூடின. 'மரெல்லா டிஸ்கவரி' கப்பலின் இந்திய ஊழியர்கள் மும்பைக்கு வெளியே கடலில் காத்திருந்து, ஏப்ரல் 23 அன்றுதான் கரை ஏறினார்கள். நம் சயான்காரர் வேறொரு கப்பலில், தூர தேசத்துக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றார். பயணிகள் போய்விட்டதால் ஊழியர்களை ஆளுக்கொரு பயணி அறையில் தனித்தனியாக வைத்தார்கள்.

"எட்டு வருஷ சர்வீசுல முதல் தடவையா பால்கனி ரூம். சாய்வு நாற்காலி, எதிர்ல கடல். உட்கார்ந்து பார்க்க நேரமும் இருந்துச்சு. பார்க்கத்தான் பிடிக்கலே."

ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று தெரியவந்திருந்தது. மனைவியும் மகளும் இங்கே ஒற்றை அறையில். சயான் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் சத்தம் போனிலேயே அவருக்குக் கேட்கும். கப்பலில் அடைபட்டவர் வீட்டை நினைத்துப் பயந்தார். வீட்டில் அடைபட்டவர்கள் கப்பலை நினைத்துப் பயந்தார்கள். ஜூலையில்தான் ஊர் திரும்பினார். அந்த ஆண்டின் கடைசியில்கூட உலகம் முழுதும் சுமார் 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியிருந்ததாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது.

மறுபடி ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேசைப் பார்த்தார். மகளுக்கு அடுத்த வருடம் காலேஜ். கரையில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. "இங்கே உட்கார்ந்தா ஒவ்வொரு நாளும் நம்ம கைக்காசு சார்."

மேஜை மேல் வெள்ளைத் துண்டில் செய்த யானை ஒன்று இருந்தது. சின்ன வயதில் மகள் கேட்டாள் என்று பழக்கம். இப்போது அவள் கேட்பதில்லை, இவர்தான் விடவில்லை.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமைங்க. கறி வாங்கப் போறீங்களா இல்லையா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கேட்டீங்களா சார்? ஞாயித்துக்கிழமையாம்" என்றார். மார்க்கெட் வரை கூடவே நடந்தேன். அவசரமே இல்லாமல் நடந்தார்.