கிரவுண்டுக்கு எட்டணா

அப்பா அதை 'டவுன் ஹால்' என்றுதான் சொல்வார். சென்ட்ரலில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த சிவப்புக் கட்டடத்தைக் காட்டி, "அங்கதான்டா அந்தக் காலத்துல நாடகம் நடக்கும்" என்பார். ஊரார் எல்லாம் விக்டோரியா ஹால் என்றார்கள். எது அதன் முதல் பெயர்? 2023இல் மாநகராட்சி அதைச் சீரமைக்கத் தொடங்கி, அருங்காட்சியகமும் அரங்கமும் வரப்போகின்றன என்றதும், பழைய புத்தகங்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா சொன்னதுதான் மூத்த பெயர். 1882இல் நகரப் பிரமுகர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, ஊருக்கென்று ஒரு மண்டபம் கட்டக் குழு அமைத்தார்கள். 1883 டிசம்பரில் ஆந்திரத்து விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். நன்கொடை திரட்டியே கட்டினார்கள். பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலம், 99 வருடக் குத்தகை, கிரவுண்டுக்கு எட்டணா வாடகை. வரைந்தவர் ராபர்ட் சிசோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா பட்டமேறிய பொன்விழா 1887இல் வந்தது. அந்த நினைவாகவே ராணியின் பெயர் மண்டபத்தின் மேல் ஏறியது.

அப்பா சொன்ன நாடகத்தைத் தேடியபோது பம்மல் சம்பந்த முதலியார் கிடைத்தார். 1891இல், பல்லாரியிலிருந்து வந்த குழு இங்கே போட்ட தெலுங்கு நாடகத்தைத் தந்தையோடு வந்து பார்த்தார். தமிழிலும் இப்படிச் செய்ய வேண்டும் என்ற வேகம் பிறந்தது. அதே ஆண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடையேறக் கூசிய காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் அரிதாரம் பூசவைத்த சபை அது.

பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் 1895இல் காட்டிய அசையும் படம், ஓரிரு ஆண்டுகளில் இந்த மண்டபத்துக்கும் வந்துவிட்டது. அன்று அது சினிமா அல்ல, விஞ்ஞான விந்தை. நாடகத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தனித்தனி இடம் தேட அன்றைய சென்னை நினைக்கவில்லை. ஒரே கூரை போதுமானதாக இருந்தது.

அந்தக் கூரையும் அப்படித்தான். கோபுரத்தின் உச்சி திருவிதாங்கூர் பாணி. சுவரின் மேல்விளிம்பில் ஓடும் சுடுமண் வேலைப்பாட்டில் அரபு எழுத்தின் சாயல். கட்டடமே பல ஊர்களின் கூட்டம்.

பழைய கட்டடத்தை எப்படித் தொட வேண்டும் என்பதைக் காரை வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் கற்றேன். நீற்றிய சுண்ணாம்பை உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துக் காட்டினார். வெண்ணெய் போல வழுக்கியது. "இது மூச்சு விடும் சார். ஈரத்தை வாங்கும், வெளியிலயும் விடும். பழைய செங்கல் மேல சிமெண்டு பூசினா ஈரம் உள்ளயே தங்கிடும். உப்புப் பூத்து செங்கல் மாவாக் கொட்டும்" என்றார். வெளியே பளிச்சென்று தெரியும், உள்ளே செங்கல் சாகும். பழுது பார்ப்பதாக நினைத்து நாம் எத்தனை கட்டடங்களை இப்படி மூச்சடைக்க வைத்திருக்கிறோம்!

மூச்சு சுவருக்கு மட்டும் போதாது. கீழும் மேலுமாக இரண்டு கூடங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். அங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்பதில்தான் இந்தச் சீரமைப்பின் வெற்றி இருக்கிறது. வியாசர்பாடிப் பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போடவும், தாங்களே செய்த தொலைநோக்கியைக் கொண்டுவந்து காட்டவும் அந்த மேடை கிடைக்க வேண்டும். வாடகை அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். கிரவுண்டுக்கு எட்டணா என்று ஊர் அன்று நிலம் தந்தது, ஊரார் உள்ளே வரத்தானே? அப்போதுதான் அது மறுபடியும் அப்பாவின் டவுன் ஹால்.