பட்டா பெருமாள் பேரில்

பிஎம் கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் விழும். 2019-இல் வந்த திட்டம். யார் கணக்கில் விழும் என்பதுதான் சிக்கலே.

திருவெள்ளறைப் பக்கம் ஒருவர் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் அவர் கைக்காசு. கிணறு வற்றினால் நஷ்டமும் அவருக்குத்தான். ஆனால் பட்டா பெருமாள் பேரில்! நிறுவன நிலத்துக்குத் திட்டத்தில் இடமில்லை. சொந்த நிலமில்லாத குத்தகைதாரருக்கும் இல்லை. பெருமாளுக்கு வேண்டாம், சரி. உழுதவருக்கு?

பக்கத்து வயல்காரர் நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டுத் திருச்சியில் கடை வைத்திருக்கலாம். வருமான வரி கட்டாதவரை அவருக்குத் தவணை வந்துவிடும். (2020-இல் தமிழ்நாட்டில் தகுதியே இல்லாத லட்சக்கணக்கானோர் பெயரைச் சேர்த்துப் பணம் எடுத்த கூத்து தனிக்கதை.) இத்தனைக்கும் உழுகிறவர் பெயர் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் குத்தகைப் பதிவேட்டிலேயே இருக்கலாம். அது இந்தத் திட்டத்துக்குச் செல்லாது.