தென்மேற்குக் காற்றுக்கு முன்னால்

வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மேட்டு லயத்தின் கூரையில் குந்தியிருந்தபடியே தகரம் அடிக்கும் பாஸ் பேசினார். மே மாதக் காற்று மலையேறுமுன் முடிக்கவேண்டிய வேலை. இலங்கையில் மிக அதிகமாக நனையும் ஊர்களில் வட்டவளையும் ஒன்று. வருடத்துக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீற்றர் மழை.

“மழை ஒழுகும், அவ்வளவுதான் தம்பி. தகரத்தத் தூக்குறது காத்துதான்.”

கூரைக்கு மேலே வேகமெடுக்கும் காற்று தகரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. கதவு வழியாகவும் இறப்பின் இடுக்கு வழியாகவும் புகுந்த காற்று அடியிலிருந்து தள்ளுகிறது. அதனால் ஓரமும் முகடும் மூலையும்தான் முதலில் பிய்கின்றன. பாஸ் அங்கெல்லாம் ஆணிகளை நெருக்கி அடித்தார். தகரத்தின் மேட்டில்தான் ஆணி இறங்கவேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஆணித்துளையைத் தேடி ஓடும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து தகரத்தை அடுக்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்புக்குள் காற்று நுழையாது.

கூரைமேல் கிடந்த பாறாங்கற்களையும் பழைய டயர்களையும் அவருக்குப் பிடிக்கவில்லை. “பெருங்காத்துல இந்தக் கல்லே எதிர்வீட்டுப் பிள்ளை தலையில விழும்.” ஆனாலும் எல்லாவற்றையும் அவர் எடுத்துப் போடவில்லை. அடியிலிருந்த சட்டம் உளுத்துப்போயிருந்தது. புது ஆணிக்கு அங்கே பிடிப்பில்லை. சட்டம் மாற்றப் பணம் சேரும்வரை கல்தான் காவல்.

பணம் யாருடையது? லயத்தில் வசிப்பவர்களுடையது. கட்டடமோ அவர்களுடையதல்ல. வெள்ளைக்காரன் காலத்து வரிசை அறைகள் இவை. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கைமாறியும் காம்பராவுக்குள் இருப்பவர் கையில் உறுதிப்பத்திரம் வரவில்லை. போதாததற்கு, வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. பக்கத்துக் காம்பராக்காரர் பங்குபோட மறுத்தால், அவர் தகரத்தடியில் புகும் காற்று நம் தகரத்தையும் சேர்த்துக் கிளப்பும்.

“கூரைக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறீங்களா?” என்று இஸ்தோப்பில் இருந்த அக்காவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது கட்டடம் யார் பெயரில் என்பதைத்தான். சாமான்களுக்கு வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். கூரைக்கு அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிடும்.

தனியார் காப்புறுதி எட்டாதவர்களையும் நினைத்து அரசு ஒரு வழி செய்தது உண்மை. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் 2016இல் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதியில், குடும்பங்கள் தவணைப்பணம் கட்டத் தேவையிருக்கவில்லை. சேதத்துக்கு 25 லட்சம் ரூபா வரை வரம்பு இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த நிவாரணத்துக்கும் சேதத்தை யாராவது வந்து பார்க்கவேண்டும். தகரம் பறந்த இரவில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யார் அதிகாரிக்காகக் காத்திருப்பார்கள்? விடிவதற்குள் பக்கத்துக் காம்பரா ஆண்கள் ஏறி அடைத்துவிடுகிறார்கள். அடைத்தபின் சேதத்துக்குச் சாட்சி இல்லை.

தகரத்துக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் போட்ட வீடுகளும் உண்டு. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்று 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதியைத் தடுக்க அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்ததாகச் சொல்லி, அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் தடை பின்வாங்கப்பட்டது, தேயிலையும் மறுபடி கப்பலேறியது. கொழுந்து பறிப்பவரின் கூரையில் எது இருக்கலாம் என்பதை அந்தப் பேரம் தீர்மானித்தது என்றுதான் நான் சொல்வேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலையே சரிந்து வந்தது. அதற்கு எந்த ஆணியும் தாங்காது. பாதுகாப்பான காணியும் தனிவீடும்தான் வழி. ஆனால் வருடம் தவறாமல் வரும் தென்மேற்குக் காற்றுக்கு பாஸின் இந்த ஆணி வேலை போதும்.

தோட்டத்தில் உறவினர் உள்ளவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள்: மழைக்கு முன் கூரையை உள்ளும் வெளியும் தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். தகரம் பறந்தால், அடைப்பதற்கு முன்னால் இன்னொரு படம் எடுத்துக் கிராம உத்தியோகத்தருக்கு அன்றைக்கே அனுப்புங்கள்.