பத்து நிமிடத்துக்கு முன்னால்

மார்ச் 3, திங்கள்

அடுத்த வாரம் இரண்டாம் ஆண்டு இதழியல் பிள்ளைகள் எலெக்டிவ் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலோசனைக்கு ஆளுக்குப் பத்து நிமிடம். போன ஆண்டு பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "எந்த பேப்பர் ஈஸி, மேம்?" வெறுங்கையோடு பேட்டிக்குப் போகாதே என்று வகுப்பில் சொல்கிறேன். தங்கள் படிப்பைப் பற்றிப் பேச அவர்கள் வெறுங்கையோடு வந்ததில் எனக்கும் பங்குண்டு. இந்த வாரம் அவர்களைத் தயார்படுத்துவதுதான் என் வேலை.

மார்ச் 4, செவ்வாய்

பட்டத்தின் கணக்கைப் பலகையில் எழுதினேன். எங்கள் மூன்று ஆண்டு இளங்கலைக்கு 140 கிரெடிட். யுஜிசி கணக்குப்படி வாரம் ஒரு மணி நேரப் பாடம் ஒரு கிரெடிட். செய்முறை என்றால் அதே ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு மணி நேரம். நான்காவது செமஸ்டரில் இருப்பவர்கள் இதை இன்றுதான் குறித்துக்கொண்டார்கள். சேர்த்த கிரெடிட் எவ்வளவு, அரியர் எத்தனை என்று அவரவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

ஆளுக்கு ஒரு தாள், நான்கு கேள்விகள். நேரம் போவது தெரியாமல் நீ செய்த வேலை எது? எடுக்க நினைக்கும் பாடத்தின் ஐந்து அலகுகளையும் படித்தாயா? அதைப் படித்த சீனியர்கள் இருவர் என்ன சொன்னார்கள்? நாளில் எந்த நேரம் உன் கையில் இல்லை?

மார்ச் 10, திங்கள்

முதலில் வந்த பையன், "ஃபிலிம் எடிட்டிங், மேம். எங்க கேங் முழுக்க அதுதான்" என்றான். தாளை வாங்கிப் பார்த்தேன். நான்காவது கேள்விக்கு, 'மாலை 4 முதல் இரவு 10 வரை பைண்டிங் கடை' என்று எழுதியிருந்தான். எடிட்டிங் செய்முறைப் பாடம். லேப் கிடைப்பதோ மாலையில்தான். "வேலைய விட்டுடறேன் மேம்" என்றான். வீட்டு வாடகை அவன் சம்பளத்தில்தான் போகிறது என்பது மெதுவாக வெளியே வந்தது.

முதல் கேள்விக்கு அவன் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். தைக்க வரும் அச்சுத் தாள்களில் எழுத்துப் பிழை கண்டால் முதலாளியிடம் காட்டுவானாம். "அப்போ செய்தி எடிட்டிங் பேப்பரோட சிலபஸைப் பார்த்தியாப்பா? அது காலை வகுப்பு" என்றேன். பார்த்திருக்கவில்லை. எடுத்துப்போய் வராந்தாவில் நின்றே படித்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மாணவர் பயிற்சி இதழான லேப் ஜர்னலுக்கு ஊர் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதும் பெண் வந்தாள். தாலுகா அலுவலகத்தில் யாரும் பதில் சொல்லாததால் கட்டுரை பாதியில் நிற்கிறது. "ஊடகச் சட்டம் மட்டும் வேண்டாம் மேம். ஒரே செக்‌ஷனா இருக்கும்னு சீனியர் அக்கா சொன்னாங்க."

"அஞ்சு யூனிட்டும் பார்த்தியாம்மா?"

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால் பொதுவாக 30 நாளுக்குள் அதிகாரி பதில் தந்தாக வேண்டும். சொன்னதும் பேனாவை எடுத்தாள்.

மார்ச் 11, இரவு

என் இரண்டாம் ஆண்டில் தோழி கையெழுத்திட்ட இடத்தில் நானும் கையெழுத்திட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சட்டப் பாடத்தைத் தவிர்த்தேன். பிறகு நிருபராக நீதிமன்றத்துக்குப் போன முதல் மாதம், காவலில் வைக்கப்பட்ட விசாரணைக் கைதியைத் தண்டனை பெற்றவர் என்று எழுதிவிட்டேன். மறுநாள் திருத்தம் வந்தது. அதற்குள் அவர் தெருவில் எல்லாரும் முதல் செய்தியைப் படித்திருந்தார்கள். ஒரு பாடத்தைக் கேளாமல் விட்டதற்கு வேறொரு மனிதர் விலை கொடுத்தார். அதனால்தான் இந்தப் பத்து நிமிடத்தை வெறும் படிவ வேலையாக விட என்னால் முடியவில்லை.

மார்ச் 12, புதன்

ஏரிப் பெண் தாளைத் திருப்பித் தந்தாள். சட்டப் பாடத்துக்கு நேரே டிக். பின்பக்கம் ஐந்தாவது கேள்வி ஒன்றை அவளே எழுதியிருந்தாள்: 'ஏரியின் சர்வே எண் இல்லாமல் மனுப் போடலாமா?'