வெற்றிகளின் மாளிகை

கான் என்ற பெயரைச் செவியுற்றதும் பெரும்பாலோருடைய மனம், 1946 முதல் அந்நகரம் பெருமை கொண்டாடும் திரைப்பட விழாவை நாடி ஓடுவது இயல்பே. ஆயினும் கைப்பந்தாட்டத்தில் மாறாத பற்றுக் கொண்ட எனக்கு, மத்தியதரைக் கடலை ஒட்டிய அந்நகரின் மேற்கே, லா போக்கா என்னும் பகுதியில் நிற்கும் ‘பாலே தெ விக்துவார்’, அதாவது ‘வெற்றிகளின் மாளிகை’ என்னும் ஆட்ட அரங்கமே முதலில் கண்முன் தோன்றுகிறது.

அந்த அரங்கில் ஆடும் ரேசிங் கிளப் தெ கான் என்ற பெண்கள் அணி, 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சுச் சாம்பியன் பட்டம் பெற்றபின், 1998 முதல் 2015 வரை ஓராண்டேனும் விடாமல் அதே பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தது. சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி என்றிருந்த பழைய நியதி போய், ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டு என்ற புதிய விதி வந்ததும் இந்தக் காலத்திலேதான். விதி மாறியும் வெற்றி மாறவில்லை. சீனாவிலிருந்து வந்த யான் ஃபாங் பயிற்றுவித்த நாட்களில், 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் கானுக்கே வந்து சேர்ந்தது.

கோப்பைகளைவிட என் உள்ளத்தை அதிகமாகக் கவர்ந்தவர் விக்டோரியா ராவா. ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்து, 1995இல் கானுக்கு வந்து, வலையின் நடுவிலே நின்று ஆடியவர் அவர். நடுவில் நிற்பவருடைய உழைப்பு விசித்திரமானது: செட்டர் தமக்குப் பந்து தருவாரா மாட்டாரா என்று அறியாமலே ஒவ்வொரு முறையும் அடிப்பவர்போல முழு வேகத்துடன் எழும்ப வேண்டும், எதிரணியின் தடுப்பாளர் அந்தப் பாய்ச்சலை நம்பித் தாமும் எழும்பிய கணத்தில் பந்து ஓரத்திலிருப்பவருக்குப் போய்விடும், புள்ளியும் கைதட்டலும் அவருக்கே. அடுத்த நொடியில் வலையோரமாக ஓடி, மறுபக்கத்து அடியைத் தடுக்கக் கைகளை உயர்த்த வேண்டியவரும் இவர்தாம். பருவத்துக்குப் பருவம் அணி மாறுவது சகஜமாகிவிட்ட தொழில்முறை ஆட்டத்தில், இந்தக் கடினமான ஸ்தானத்தை ஒரே சங்கத்துக்காக இருபது ஆண்டுகள் சிரத்தையுடன் வகித்ததை நான் அபூர்வமான விசுவாசமென்றே மதிக்கிறேன்.

2012இல் பாகு நகரில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணியிடம் மூன்று செட்டுகளையும் கான் இழந்தபோது ராவாவுக்கு வயது முப்பத்தாறு. அதற்குப் பின்னும் மூன்று ஆண்டுகள் அதே அணியில் ஆடி, தொடர்ச்சியான பதினெட்டாவது பட்டத்துடன் 2015இல் விடைபெற்றார். மறு ஆண்டே பட்டம் வேறு ஊருக்குப் போயிற்று. 2019இல்தான் அது மீண்டும் கானுக்குத் திரும்பியது.